‘வினாடிக்கு’ எங்கே போனது?

அணை நீர்மட்டச் செய்தி எழுதும் நிருபர்களுக்கும், அதற்குத் தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர்களுக்கும், தொலைக்காட்சித் திரையின் அடியில் அதைப் பட்டையாக ஓடவிடும் நண்பர்களுக்கும்,



ஜூன் பிறந்துவிட்டால் ஒரு செய்தி தவறாமல் உங்கள் மேசைக்கு வந்துவிடும். “மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 15,000 கன அடியாக உயர்வு.” மறுநாள் அது 18,000 ஆகும், அடுத்த நாள் 12,000 ஆகும். எண் மட்டும் மாறும், வாக்கியம் மாறாது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் காணாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைத் தேடித் தரத்தான் இந்த மடல்.

15,000 கன அடி என்பது வெறும் கொள்ளளவு. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் மொத்தம் 4.25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 35 இருந்தால் அள்ளிக்கொண்டு போய்விடலாம். 35 லாரித் தண்ணீருக்காகக் காவிரிக் கரையோர ஊர்களில் யாரும் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கை விடுவதில்லை. தலைப்பிலிருந்து விழுந்துபோன சொல் ‘வினாடிக்கு’. அதைச் சேர்த்துப் படித்தால், ஒவ்வொரு வினாடியும் 35 லாரி. கண்ணிமைத்தால் இன்னொரு 35.

“இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இடம் மிச்சம் என்று விட்டோம்” என்பீர்கள். தஞ்சாவூர் விவசாயிக்குத் தெரியும், சந்தேகமே இல்லை. அவருடைய தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடியில் இருந்துகொண்டு செய்தி படிப்பவருக்கு, 15,000 கன அடியும் 93.47 டி.எம்.சி.யும் 120 அடியும் ஒரே சாம்பாரில் மிதக்கும் காய்கள்தான். ஒன்று பாயும் வீதம், ஒன்று தேங்கிய அளவு, ஒன்று உயரம். மூன்றையும் ஒரே பத்தியில் கொட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

பாய்வதையும் தேங்குவதையும் இணைக்க ஒரே ஒரு எண்ணை மனத்தில் வைத்தால் போதும்: 11,574. வினாடிக்கு அத்தனை கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது 100 கோடி கன அடி. பாசனத்துக்கு மேட்டூரிலிருந்து 10,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. அணை முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.க்கு நிரம்பியிருந்து, மேலிருந்து ஒரு சொட்டும் வராமல், கடைசிச் சொட்டு வரை எடுக்கவும் முடியும் என்று வைத்துக்கொண்டால், 108 நாளில் காலி. ‘இன்றைய இருப்பு எத்தனை நாளைக்கு வரும்’ என்ற இந்தக் கணக்கைத்தான் டெல்டாவில் நாற்று விடுகிறவர் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். செய்தியில் மட்டும் அது வருவதில்லை.

காவிரி வழக்குச் செய்திகளில் இந்தக் குழப்பம் விலை உயர்ந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள் தண்ணீர் விடும்படி கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூட்டிப் பார்த்தால் 12.96 டி.எம்.சி. ஒரு வாரம் கழித்து அது 12,000 கன அடியாகத் திருத்தப்பட்டது. அன்று பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. பேசப்பட்ட எண்கள் 15,000, 12,000. கர்நாடக அணைகளிலிருந்து மொத்தம் எவ்வளவு குறையும், மேட்டூரில் எவ்வளவு ஏறும் என்பது இரு மாநில வாசகர்களுக்கும் எத்தனை இடங்களில் தெளிவாகச் சொல்லப்பட்டது? தெளிவாகச் சொல்லியிருந்தால் கோபம் தணிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. எதற்காகக் கோபப்படுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையத்தில் அது கணக்கிடப்படுகிறது. ஆண்டு முழுக்கச் சீராகப் பரப்பினால் வினாடிக்குச் சுமார் 5,620 கன அடி. ஆனால் ஆறு அப்படிச் சீராக வருவதில்லை. கேரளத்து வயநாட்டிலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது பிலிகுண்டுலுவில் ஒரு லட்சம் கன அடி ஓடும். அந்த வீதத்தில் ஒரு நாளுக்கு 8.64 டி.எம்.சி.; இருபதே நாளில் 172.8 டி.எம்.சி. ஆண்டுப் பங்கு ஏறக்குறைய முடிந்தது! ஏட்டில் முடிந்தது, அவ்வளவுதான். மேட்டூர் பிடிக்கக்கூடியது 93.47, மிச்சம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு. ஆக, “இந்த ஆண்டு கூடுதலாகவே கொடுத்துவிட்டோம்” என்று ஒரு மாநில அமைச்சரும், “சம்பாவுக்குத் தண்ணீர் இல்லை” என்று இன்னொரு மாநில விவசாயியும் ஒரே ஆண்டில் பேச முடியும், இருவரும் பொய் சொல்லாமலே. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் ஒருவர், வரும் வீதத்தையும் நாளையும் பார்க்கிறவர் மற்றவர். தகராறின் பாதி இங்கே இருக்கிறது. தலைப்பு எழுதுகிறவர்தான் அதை முதலில் பிடிக்கவேண்டும்.

இப்போது சென்னைக்கு வருவோம்.

வீராணம் ஏரியிலிருந்து சென்னைக் குடிநீருக்கு வினாடிக்கு 74 கன அடி போகிறது என்று அடிக்கடி படித்திருப்பீர்கள், எழுதியும் இருப்பீர்கள். அதே தண்ணீரைக் குடிநீர் வாரியம் 180 எம்.எல்.டி. என்று சொல்லும், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். நெம்மேலியில் முதலில் வந்த கடல்நீர் ஆலை 100 எம்.எல்.டி. என்றால், அது 41 கன அடி. நீர்வளத் துறைக்கு ஒரு மொழி, குடிநீர் வாரியத்துக்கு ஒரு மொழி. நடுவில் நிற்கும் நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டர் என்பதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

இந்த மொழிபெயர்ப்பு எதற்கு உதவும்? 2015 டிசம்பர் 1 இரவைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. சென்னையின் குடிநீர்த் தேவையை நாளுக்கு 100 கோடி லிட்டர் எனக் கொண்டால், அது வெறும் 409 கன அடி. ஊர் முழுக்க ஒரு நாள் குடித்துக் குளித்துத் துவைக்கும் தண்ணீர், அந்த இரவில் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒருமுறை மதகைத் தாண்டிப் போனது. 3.645 டி.எம்.சி. பிடிக்கும் ஏரி அந்த வீதத்தில் 35 மணி நேரத்தில் வற்றிவிடும். மழை விடாமல் நிரப்பிக்கொண்டிருந்ததால்தான் வற்றவில்லை.

அந்த 29,000 என்ற எண்ணைச் சுற்றி நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு எண்ணைப் பலர் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் அந்த ஒரே நாளில் பெய்தது. மழையை சென்டிமீட்டரில் எழுதுகிறோம், ஆற்றை கன அடியில் எழுதுகிறோம். இரண்டும் ஒரே தண்ணீர் என்பது மறந்துபோகிறது. 100 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்து, அத்தனையும் ஓடினால், வினாடிக்கு 9,800 கன அடி. பல வாரம் நனைந்து ஊறிய மண்ணும் கான்கிரீட்டும் பெரும்பகுதியை ஓடத்தான் விடும். ஏரிக்குக் கீழே தாம்பரம் பக்கமிருந்தும் அடையாற்றில் தண்ணீர் சேர்ந்தது. அதற்கு மதகும் இல்லை, மூடித் திறக்க ஆளும் இல்லை. திறந்துவிட்டதையும் தானாக வந்ததையும் ஒரே அலகில் வைத்தால்தான் யார் மேல் எவ்வளவு பழி என்று பேச முடியும்.

எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, அது எந்த வழியாகப் போகிறது என்பதும் வேண்டும். கல்லணைக் கால்வாயின் கொள்திறன் 4,000 கன அடியைச் சற்றே தாண்டியது. அதில் 5,000 விட்டால் கரை தாங்காது. அதே 5,000 கன அடி கொள்ளிடத்தின் அகலமான மணலில் ஒரு ஓரமாகப் போய்விடும். ஆடு மேய்ப்பவர் அக்கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார். “5,000 கன அடி திறப்பு, மக்கள் அச்சம்” என்று எழுதுமுன் எந்த ஆறு என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சின்ன எண்ணும் சில நேரம் பெரிய எண்ணை விட முக்கியம். முல்லைப்பெரியாறு அணைச் செய்திகளில் இரண்டு ஓட்டங்கள் வரும். தமிழ்நாட்டுக்குச் சுரங்கம் வழியாக வருவது வினாடிக்கு இத்தனை கன அடி. அணையின் உள்ளிருந்து கசிவது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். சுரங்கத்தில் 1,000 கன அடியும் கசிவில் 100 லிட்டரும் என்று எடுத்துக்கொண்டால், முன்னது பின்னதைப் போல் 17,000 மடங்கு. ஆனால் ஆய்வுக்குழு வந்தால் முதலில் போய்க் குனிந்து பார்ப்பது கசிவைத்தான். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் கலந்த சாந்தில் கட்டிமுடித்த அணை அது. நீர்மட்டம் ஏற ஏறக் கசிவு கூடுவது எதிர்பார்த்ததே. மட்டம் ஏறாதபோதும் கூடினால், அல்லது கசியும் நீரில் சுண்ணாம்பு கரைந்து வந்தால், அதுதான் கவலை. எனவே “கசிவு 100 லிட்டர்” என்று தனியாக எழுதுவதில் பொருளே இல்லை. எத்தனை அடி நீர்மட்டத்தில், சென்ற ஆண்டு அதே மட்டத்தில் எவ்வளவு என்பதும் சேர்ந்தால்தான் அது செய்தி. இரு மாநிலப் பதற்றம் நிறைந்த விஷயத்தில் இந்த ஒரு வரி எத்தனை வதந்திகளை அடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கசிவை எப்படி அளக்கிறார்கள்? ஒரு தகட்டில் வி வடிவில் வெட்டி, ஓடையின் குறுக்கே நிறுத்தி, அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்பி வழிகிறது என்று பார்ப்பார்கள். ஊரில் போர் போடும் வண்டிக்காரர்களிடமும் இதே தகடு உண்டு. “ரெண்டு இஞ்ச் தண்ணி” என்பது அதில் வழியும் உயரம்தான். (குழாயின் விட்டத்தை இஞ்சில் சொல்கிறவர்களும் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.) இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செங்கோண வெட்டில் ஒரு இஞ்ச் வழிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 8.5 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் 17 இல்லை, 48. நான்கு இஞ்ச் என்றால் 270க்கு மேல். உயரம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிப்பதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது. வெட்டின் அகலமும் கூடுகிறது, ஆழமும் கூடுகிறது, அதோடு ஆழத்தால் வேகமும் கூடுகிறது. மூன்றும் சேர்ந்து உயரத்தின் இரண்டரை அடுக்காகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இரண்டு இஞ்ச், நமக்கு ஒரு இஞ்ச் என்றால், அவருக்குப் பாதிதான் நமக்கு என்று ஆறுதல்பட இடமில்லை. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்த இரண்டரை அடுக்கு, போர்வெல்லிலிருந்து நேரே அணைக்குத் தாவுகிறது. எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் மாறினால், புவியீர்ப்பால் திறந்தவெளியில் ஓடும் தண்ணீருக்கு இது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட், கப்பல்களின் சிறு மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, சிறியதையும் பெரியதையும் எப்படி ஒப்பிடுவது என்ற விதியைக் கண்டார். அணை கட்டுமுன் அதன் மாதிரியைக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடங்கள் அதே விதியில்தான் இயங்குகின்றன. புனே அருகே கடக்வாஸ்லாவிலும், நம் பூண்டி ஏரிக்கரையிலும் அத்தகைய கூடங்கள் இருக்கின்றன.

நூறில் ஒரு பங்கு மாதிரி கட்டினால், ஓட்டம் 100இன் இரண்டரை அடுக்கால் குறைகிறது. அது சரியாக ஒரு லட்சம். காவிரியில் ஒரு லட்சம் கன அடி வெள்ளத்தைப் பார்க்க, கூடத்தில் ஒரே ஒரு கன அடி ஓடவிட்டால் போதும். வினாடிக்கு 28 லிட்டர். அது மட்டுமல்ல, காலமும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரு நாள் வெள்ளத்தை 2 மணி 24 நிமிடத்தில் நடத்தி முடித்துவிடலாம். சரி, ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி மேசை மேலேயே வைத்துவிடலாமே என்றால், முடியாது. அவ்வளவு சின்னதில் தண்ணீர் வேறு குணம் காட்ட ஆரம்பிக்கும். அதன் பிசுக்கும் மேற்பரப்பின் இழுவிசையும் முன்னுக்கு வந்து, புவியீர்ப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அந்தச் சின்ன உலகம் நம் உடம்புக்குள் இருக்கிறது. ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. 340 பேருடைய இதயங்கள் சேர்ந்தால்தான் ஒரு கன அடி ஓட்டம். பெருந்தமனியில் இரத்தம் வினாடிக்குப் பல சென்டிமீட்டர் பாய்கிறது. தந்துகிகளுக்குப் போனால் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. இரத்தம் எங்கும் தொலைந்துபோகவில்லை. கோடிக்கணக்கான தந்துகிகளின் வாய்களை ஒன்றாகச் சேர்த்தால் அந்தப் பரப்பு பெருந்தமனியைப் போல் பல நூறு மடங்கு. வழி அகன்றதால் வேகம் விழுந்துவிட்டது. ஓட்டத்தின் அளவு வேறு, வேகம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. “ஆற்றில் தண்ணீர் சீறிப் பாய்கிறது” என்று எழுதும்போது நினைவில் வைக்கலாம்: குறுகிய இடத்தில் கொஞ்சத் தண்ணீரும் சீறும், அகண்ட ஆற்றில் பெருவெள்ளமும் சத்தமில்லாமல் நகரும்.

மெல்லிய குழாயில் விதி இன்னும் கடுமை. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், இரத்த ஓட்டத்தில் இருந்த ஆர்வத்தால் 1830களின் கடைசியில் கண்ணாடி இழைக் குழாய்களில் அளந்து கண்டது: உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்று. அவசரச் சிகிச்சையில் இரத்தம் வேகமாக ஏற்றவேண்டுமென்றால் செவிலியர் நீல நிற ஊசிக்குழாயை ஒதுக்கிவிட்டுப் பச்சையையோ சாம்பலையோ தேடுவது இதனால்தான்.

மருத்துவமனையில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது, செய்தியறைக்கு அதைக் கடன் கேட்கலாம். 500 மில்லிலிட்டர் பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டுக்குத்தான் ஒரு மில்லிலிட்டர். அதில் அதே 42 சொட்டு வைத்தால் பாட்டில் தீர 12 மணி நேரம் ஆகும். எண் ஒன்றே, நோயாளிக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. அதனால் பொறுப்பான செவிலியர் ‘42’ என்று மட்டும் எழுதிவைக்க மாட்டார். எந்த செட், எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுவார்.

மறுகோடியில் அமேசான். வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர், நம் கணக்கில் 70 லட்சம் கன அடி. காலியான மேட்டூரை அது 3 மணி 40 நிமிடத்தில் நிரப்பிவிடும். கடலியலாளர்களுக்கு அதுவும் போதவில்லை. வினாடிக்கு 10 லட்சம் கன மீட்டரை ஓர் அலகாக்கி, நார்வே அறிஞர் ஸ்வெர்ட்ரப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது அந்த அலகில் ஒன்றைச் சற்றே தாண்டும். ஃபுளோரிடாவை ஒட்டிப் போகும் வளைகுடா நீரோட்டம் மட்டும் 30. கடலியலாளர் கன அடியில் எழுதினால் 106 கோடி என்று வரும். யாரும் படிக்க முடியாது. ஓட்டத்துக்கேற்ற அலகைத் தேர்ந்து, அதைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவு பெரிய வேலை இல்லை. ‘வினாடிக்கு’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்க இடமில்லையென்றால் முதல் வரியிலாவது வையுங்கள். திறப்பு எவ்வளவு என்று எழுதும்போது, அந்த வீதத்தில் நாளொன்றுக்கு எத்தனை டி.எம்.சி. என்றும், அந்த ஆறு அல்லது கால்வாய் தாங்கும் அளவு எவ்வளவு என்றும் ஒரு வரி சேருங்கள். வெள்ளக் காலத்தில் இன்னொன்றும் வேண்டும்: திறந்த தண்ணீர் கீழே எப்போது போய்ச் சேரும். மேட்டூரில் திறந்தது கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வரும். செம்பரம்பாக்கத்தில் திறந்தது சைதாப்பேட்டைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். கரையில் குடியிருப்பவர் மாடியில் சாமானை ஏற்றுவதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதா என்று முடிவெடுப்பது அந்த நேரக் கணக்கில்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் செய்தியறைச் சுவரில் 11,574, 24.5 லட்சம் என்ற இரண்டு எண்களையும், உங்கள் மாவட்டத்து ஆறு ஒவ்வொன்றும் தாங்கும் கன அடியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கேட்டால் கொடுப்பார்; கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
அணைச் செய்தியைக் கணக்குப் போட்டுப் படிக்கும் ஒரு வாசகர்